பதினோராம் மணி என்றால் எத்தனை மணி?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டத் தேவாலயங்களில் வேதபாட வகுப்பு என்றால் பெரும்பாலும் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நன்றாகப் பேசினார் என்பது மட்டும் அடுத்த வாரம் நினைவிருக்கும். பல தோட்டங்களுக்கு ஒரே போதகர் என்ற நிலையில், அவர் வராத வாரங்களில் சபையார் தாங்களே வேதத்தைத் திறந்து பொருள் கண்டுபிடிக்கப் பழக வேண்டாமா? நல்ல சமாரியன் கதையைச் சொன்ன இயேசுவே, அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட மூவரில் எவன் அவனுக்கு அயலான் என்று கேள்வி கேட்டவனிடமே திருப்பிக் கேட்டார்.

அப்படிக் கேள்வி கேட்டுச் சிறு குழுவாகப் படிக்கலாம். ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு மூன்று பேர் மட்டுமே பேசுவார்கள். வாசிக்கும் வேதப்பகுதி பதினைந்து வசனம் அளவில் இருக்கட்டும். இரண்டு முறை சத்தமாக வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் தன் வார்த்தையில் சொல்ல, விட்டதை மற்றவர்கள் சேர்க்க வேண்டும். இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமார் முன்னுக்கு வருவது இங்கேதான்.

மத்தேயு 20:1-16ஐ எடுத்துக்கொள்வோம். திராட்சைத் தோட்டத்துக்கு வெவ்வேறு நேரங்களில் ஆள் பிடித்து, எல்லோருக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானின் கதை அது. விடிந்ததும் ஆள் பிடிப்பது, நாட்கூலி, பொழுது சாய்ந்ததும் சம்பளம் எல்லாம் நம் சனத்துக்குத் தெரிந்தவை. எஜமான் எத்தனை தரம் வெளியே போனான் என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்து ஐந்து என்பார்கள். 'பதினோராம் மணி' வந்ததும் பலர் முற்பகல் பதினொரு மணி என்று நினைப்பார்கள். திருத்தாதீர்கள். 12ஆம் வசனத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கடைசியில் வந்தவர்கள் ஒரு மணி நேரமே வேலை செய்தார்கள் என்று அங்கே இருக்கிறது. அப்படியானால் அது பின்னேரம் என்று யாராவது பிடித்துவிடுவார்கள். யூதர் சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணினார்கள் என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள், ஏனென்றால் அது வசனத்தில் இல்லை. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுப்பேரா (முழுநாள் சம்பளமா) என்ற கேள்வி தானாக எழும். பிந்தி வந்தவனுக்கு ஏன் முதலில் கூலி கொடுத்தான் என்று கேட்டால், காலையில் வந்தவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவோ என்று அவர்களே யோசிப்பார்கள்.

இப்படிப்பட்ட வகுப்பு கெடுவது பெரும்பாலும் நடத்துபவராலேயே. கேள்வியைக் கேட்டு மூன்று விநாடியில் தானே பதில் சொல்லிவிடுவார். மனதுக்குள் பதினைந்து வரை எண்ணிப் பொறுத்திருங்கள். ஆம், இல்லை என்று முடிகிற கேள்விகளும் பயன்படாது. ஆளுக்கொரு விளக்கம் சொல்லித் தவறான போதனை நுழையும் என்று மூப்பர்கள் அஞ்சுவது நியாயமே. அதற்கு, யார் என்ன சொன்னாலும் "எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேட்க வேண்டும், நடத்துபவர் சொன்னாலும்கூட. ஆனால் விசுவாசப் பிரமாணம் (சபையின் நம்பிக்கை அறிக்கை), ஞானஸ்நான ஆயத்தம் போன்றவற்றை இப்படிக் கேள்வி கேட்டு அல்ல, நேராகப் போதிப்பதே சரி.

கடைசிப் பத்து நிமிடத்தில், இந்த வாரம் செய்யப்போகும் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். "அன்பாயிருப்பேன்" என்றால் விடாதீர்கள், யாரிடம், எந்த நாளில் என்று கேளுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுக்குப் புதன்கிழமை போவேன் என்றால், அடுத்த ஞாயிறு வகுப்பை அதை விசாரித்துத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள்,
தலவாக்கலை.