அந்த முடிவு என்ன ஆச்சு?

வெள்ளவத்தை

அன்பின் சிநேகிதிக்கு,

உன் மகளுக்கு மட்டக்களப்பிலேயே வேலை கிடைத்தது பெரிய சந்தோசம். இங்கே கொழும்புக்கு வந்து சம்பளத்தில் பாதியை அறை வாடகைக்குக் கட்டுவதை விட அது எவ்வளவோ மேல்.

நான் இப்போது மட்டக்குளிப் பக்கத்துத் தொடர்மாடிகளில் வினாக்கொத்தும் கையுமாக ஏறி இறங்குகிறேன். பெண்களின் பாதுகாப்பைப் பற்றிய ஆய்வு. இதற்கென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒழுங்கு இருக்கிறது: ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும், யாராவது வந்தால் கதையை மாற்றிவிட வேண்டும். 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் கையால் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார் என்று வந்தது, நினைவிருக்கிறதா? அந்த ஆய்வுக்கு ‘பெண்கள் நல்வாழ்வு’ என்றுதான் பெயர்.

ஒழுங்கு சரி. இரண்டு அறைக்குள் ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனியிடத்துக்கு எங்கே போவது? ஒரு அக்கா என்னைத் துணி காயப்போடும் பல்கனிக்குக் கூட்டிப் போனார். சேலையைப் பிழிந்தபடியே கதைத்தார். மாமியார் எட்டிப் பார்த்ததும் நான் தண்ணீர் பில் எவ்வளவு வருது என்று கேட்க, அவரும் கொஞ்சமும் தடுமாறாமல் பில் கணக்கைச் சொன்னார். நல்லாப் பழகியிருக்கிறார் பார்! நான் இறங்கும்போது, “போன வருசமும் உங்கட ஆக்கள் வந்து கேட்டாங்க, அந்த முடிவு என்ன ஆச்சு?” என்றார்.

என்ன சொல்ல? முடிவு ஆங்கிலத்தில், பளபளப்பான அட்டையோடு, ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வெளியானது. பஃபே சாப்பாடும் இருந்தது. பதில் சொன்ன பெண்ணுக்கு ஓட்டோக் காசு கொடுக்கத்தான் திட்டச் செலவில் இடமில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்தான். நாட்கூலிக்காரி ஒவ்வொரு தவணைக்கும் வேலையை விட்டுத்தானே போக வேண்டும்?

அந்த மாடியிலேயே சீட்டுப் பிடிக்கிற ஒரு அம்மா இருக்கிறார். யார் இந்த மாதம் காசு பிந்தினாள், யாருடைய நுண்கடனுக்கு ஆள் வந்து வாசலில் நிற்கிறான், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், ஆய்வாளருக்கான சம்பளத்தை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எதைக் கேட்பது, வந்த காசை எதற்குச் செலவழிப்பது என்பதையும் அந்த மாடிப் பெண்களே கூடி முடிவெடுக்கட்டும். இது நடக்காத காரியமில்லை. 2004இல் தெற்காசியாவுக்கென்று கொழும்பில் தொடங்கிய விமன்ஸ் ஃபண்ட் ஏசியா பெண்கள் குழுக்களின் கைக்கே நிதி கொடுக்கிறது. மற்றக் கொடையாளர்கள் பெரும்பாலும் ரசீதையும் பயிற்சிப் பட்டறைப் படத்தையும்தான் கேட்கிறார்கள். அதுவும் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதோடு எனக்குத் தெரிந்த சிலருக்கு வேலையே போய்விட்டது.

அப்புறம், அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நாப்கின் வவுச்சரைப் பற்றி உங்கள் மாதர் சங்கம் வீடு வீடாக விசாரித்தது என்று எழுதியிருந்தாயே, அந்தக் கேள்வித் தாளின் பிரதி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பு. கையெழுத்துப் பிரதி என்றாலும் பரவாயில்லை. சீட்டு அம்மாவிடம் காட்ட வேண்டும்.

உன் பழைய வாங்குத் தோழி