சேலத்துச் சைக்கிள் கடை அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். நான் அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது குடியிருப்பது கன்னங்குறிச்சிப் பக்கம். பஞ்சர் ஒட்டிக்கொண்டும், ரிம் பெண்டு எடுத்துக்கொண்டும், ஓவராயில் பார்த்துக்கொண்டும் சேலத்தில் இன்னமும் கடையை மூடாமல் வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு கோரிக்கை: வாடகை சைக்கிளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அந்தக் காலத்தில் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள். இப்போது நம் ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

போன கார்த்திகையில் என் தங்கை மகள் சென்னையிலிருந்து ஒரு தோழியோடு வந்தாள். ஏற்காடு எக்ஸ்பிரஸில்தான் வந்தார்கள். விடிவதற்கு முன்பே ஜங்ஷனில் இறங்கிவிட்டார்கள். ரயிலுக்கே மலையின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் வருகிற வெளியூர்க்காரர்கள் பலரும் இறங்கியதும் அடுத்துத் தேடுவது ஏற்காடு பஸ்ஸைத்தான். இவர்கள் பஸ்ஸுக்குப் பதிலாக, யாரோ கொடுத்த போன் நம்பரைப் பிடித்து ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டாயிரம் முன்பணம், அதோடு அசல் ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வண்டியில் வெள்ளை நம்பர் பிளேட்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் பயந்துவிட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஒட்டி. அவ்வளவு இறக்கத்தையும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டும். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி பெரிதாக இருக்காது. பாதி வழியில் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்திருக்கிறது. லிவரை முழுசாக அழுத்தினாலும் வண்டி தாமதமாகத்தான் நின்றதாம். ஒரு வளைவில் ஓரங்கட்டி அரை மணி நேரம் சூடு ஆறவிட்டு, அப்புறம் மெல்ல இறங்கியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தபோது, ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி முன்பணத்தில் ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார் வண்டிக்காரர்.

எனக்குக் கோபம் பணத்தைப் பற்றியதல்ல. மோட்டார் வண்டியை வாடகைக்கு விட சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 1997ஆம் வருஷத் திட்டப்படி உரிமம் வாங்க வேண்டும், குறைந்தது ஐந்து வண்டியாவது வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் தானே ஓட்டிப் போகும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு விட்டு, அதில் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடலாம். இரண்டு இளம்பெண்களை அப்படி ஒரு வண்டியில் மலைக்கு அனுப்பியிருக்கிறோமே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் காலை காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் கேட்டாள்: "மலையைப் பார்த்தாச்சு பெரியம்மா. இன்னைக்கு உங்க ஊரைப் பார்க்கணும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா?"

நான் இதுவரை யோசித்ததே இல்லாத கேள்வி. பாண்டிச்சேரியில் தெருவுக்குத் தெரு சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. சேலத்தில் யாரைக் கேட்பது? உங்களில் ஒருவரிடம்தான் போனேன். அவர் பெயரைப் போட வேண்டாம் என்றார், அதனால் போடவில்லை. "வாடகைக்கெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க" என்றவர், கடைக்குப் பின்னால் போய், விற்பனைக்கு வாங்கிப் போட்டிருந்த இரண்டு பழைய லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அப்புறம் நடந்ததை அந்தப் பெண்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், காற்றடித்தார், மறுபடியும் அழுத்தினார். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு பக்கம் உரசியது. ஸ்பேனரை எடுத்து அரைச் சுற்று தளர்த்தினார். செயினில் எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்தார், சுடிதாரில் கறை பிடிக்கக் கூடாதாம். கடைசியாக என் தங்கை மகளைச் சீட்டில் உட்காரச் சொல்லி, கால் தரையில் படுகிற அளவுக்கு உயரம் வைத்தார். "பஞ்சர் ஆனா தள்ளிட்டு அலையாத கண்ணு. இருக்கற இடத்துல இருந்து போன் பண்ணு, ஆள் அனுப்பறேன்." இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து நாள் முழுக்க இருநூறு ரூபாய். முன்பணம் கேட்கவில்லை.

முந்தின நாள் வண்டி கொடுத்தவர் பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த இந்தத் தொழில் வேறு யாருக்கும் தெரியாது, அண்ணே. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இரண்டு பேரும் முதலில் போனது மூக்கனேரிக்கு. 2010 வாக்கில் ஊர்மக்கள் கைக்காசு போட்டுச் சீர்செய்த ஏரி. அள்ளிய மண்ணை நடுவிலேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அந்தத் திட்டுகளில் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றால் ஏரிக்குப் பின்னால் சேர்வராயன் மலை முழுசாக எழுந்து நிற்கும். காரில் போகிறவர்களுக்கு அது கண்ணாடி வழியே ஒரு நொடிக் காட்சி. இவர்கள் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

அங்கிருந்து ஏற்காடு சாலைக்கு வந்து மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைப் பார்த்தார்கள். டி.ஆர். சுந்தரத்தின் ஸ்டுடியோவில் அந்த வளைவு ஒன்றுதான் இன்று அடையாளமாக நிற்கிறது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை எடுத்தது அந்த நிறுவனம்தான் என்று நான் போனில் சொன்னபோது, "இதை யாருமே சொல்லலையே" என்றாள் தோழி. முந்தின நாள் ஸ்கூட்டரில் மலைக்குப் போனதும் அந்த வழியாகத்தான்.

பிறகு அஸ்தம்பட்டி வழியாக ஊருக்குள். வடக்கே அடிவாரத்தைப் பார்த்து மிதித்தால் லேசான ஏற்றம் கெண்டைக்காலில் தெரியும். ஊருக்குள் திரும்பும்போது அதுவே இறக்கமாகி வண்டி தானாகவே ஓடும். கோட்டை மாரியம்மன், சுகவனேசுவரர் கோயில், திருமணிமுத்தாற்றுப் பாலம். சேர்வராயன் மலையில் பிறந்து வரும் அந்த ஆறு ஊருக்குள் என்ன ஆகியிருக்கிறது என்பதையும் பார்த்தார்கள். அதையும் பார்க்கத்தான் வேண்டும். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கார் நுழையாது. சைக்கிள் நுழையும். வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றின் வாசலில் நின்று, பொடிப்பொடி வளையங்களை ஒன்றோடொன்று கோத்துப் பற்றவைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்த அக்கா உள்ளே கூப்பிட்டு முக்காலி போட்டாராம். அம்மாப்பேட்டையில் எங்கள் பழைய தெருவில் தறிச் சத்தம் முன்பு போல இல்லை என்றாலும், இன்னும் கேட்கிறது. சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும். மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நம் ஊர் இதற்கென்றே அமைந்த ஊர். வடக்கே நகரமலை, வடகிழக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. நடுவில் தட்டு மாதிரி ஊர். எந்தச் சாலையில் திரும்பினாலும் கடைசியில் ஒரு மலை தெரிகிறது, அதை வைத்தே வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம். குரும்பப்பட்டி விலங்கியல் பூங்காவும், கஞ்சமலைச் சித்தர் கோயிலும் காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்ச் சேரும் தூரம்தான். சித்திரை, வைகாசியில் வேண்டாம், கொளுத்திவிடும். ஐப்பசி முதல் மாசி வரைக்கும் இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

நான் சைக்கிள் கற்றதும் உங்களைப் போன்ற ஒருவரின் கடையில்தான். மணிக்கணக்கு வாடகை. மட்கார்டில் கடைப் பெயர், அதற்குக் கீழே வண்டி நம்பர். சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் பெயரும் நேரமும் எழுதுவார். பெண்பிள்ளைக்கு வண்டி தரலாமா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டபோது, "விழுந்தா எந்திரிச்சுக்கும்" என்று சொல்லி அரை சைக்கிளைக் கொடுத்தார். குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன். சில வருஷம் கழித்து, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கடைக்காரர் முகம்தான் ஞாபகம் வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு வண்டி வந்தது, வாடகை நோட்டுகள் மூடப்பட்டன. அது யாருடைய தப்பும் இல்லை.

ஆனால் இப்போது கேட்கிற ஆள் வேறு. காலை ரயிலில் இறங்கி, ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர். அவருக்கு என்ன வேண்டும் என்று அந்த இரண்டு பெண்களிடமும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். கடை ஆறு மணிக்குத் திறந்திருக்க வேண்டும், பத்து மணிக்குத் திறந்தால் வெயில் வந்துவிடும். அடையாள அட்டையின் நகல் போதும், அசலை வாங்கி வைக்கக் கூடாது. கொடுக்கும்போதே வண்டியைக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்து பார்த்து, கீறல் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல பூட்டு, முன்னால் ஒரு கூடை, ராத்திரிக்கு விளக்கு. பஞ்சர் ஆனால் கூப்பிட ஒரு நம்பர். இதில் எதுவும் உங்களுக்குப் புதிதல்ல.

செலவையும் யோசித்துப் பார்த்தேன். மிதிக்கிற சைக்கிளுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டியதில்லை, பதிவும் இல்லை, பர்மிட்டும் இல்லை. ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு வண்டி வாங்கி நாளுக்கு நூறு ரூபாய்க்கு விட்டால், எழுபது நாள் ஓடினால் முதல் திரும்பிவிடும். பழைய வண்டியை ஓவராயில் பார்த்து விட்டால் இன்னும் சீக்கிரம். நான்கு வண்டியோடு தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாதாரண சைக்கிளை மலைக்குக் கொடுக்காதீர்கள். கியர் சைக்கிளில் பழகியவர்கள் ஏற்காடு ஏறுகிறார்கள், அது வேறு. ரப்பர் பிரேக் கட்டையோடு அந்த இறக்கத்தில் புது ஆள் இறங்கினால் ஸ்கூட்டரில் நடந்ததைவிட மோசமாக முடியும். அடிவாரம் வரைதான் என்று கடைப் பலகையிலேயே எழுதிப் போடுங்கள்.

மாநகராட்சி அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் திறந்த ஈரடுக்குப் பழைய பேருந்து நிலையத்தில் பத்து சைக்கிள் நிற்கிற இடத்தை இந்தக் கடைக்காரர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். ஜங்ஷன் வாசலில் அதே மாதிரி ஓர் இடத்துக்கு ரயில்வேயிடம் பேசுங்கள். பெரிய கம்பெனியைக் கூட்டிவந்து செயலி, கியூ.ஆர். கோடு என்று தொடங்க வேண்டாம். பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

பொங்கல் விடுமுறைக்கு என் தங்கை மகள் மறுபடியும் வருகிறாள். இந்த முறை ஐந்து பேராம். அன்றைக்கு வண்டி கொடுத்த அண்ணனிடம் இரண்டுதான் இருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும். கன்னங்குறிச்சியிலோ அஸ்தம்பட்டியிலோ கோரிமேட்டிலோ கடை வைத்திருப்பவர்கள் யாராவது தயார் என்றால் அவரிடம் சொல்லி வையுங்கள். ஐந்து பேரின் உயரத்தையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், சீட்டை முன்கூட்டியே சரிசெய்து வைக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
அம்மாப்பேட்டையில் அரை சைக்கிள் ஓட்டிப் பழகிய உங்கள் தங்கை