ஏர் பில்டருக்கு ஏர் அடிப்பதை நிறுத்துங்கள்: வடசென்னை லாரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதவரம், மணலி, எண்ணூர், செங்குன்றம் பக்கம் லாரி, டிப்பர், ட்ரெய்லர் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் வணக்கம்.

நான் டீசல் இன்ஜின் வேலை பார்க்கிறவன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டுகிற ஏர் பில்டரை வாராவாரம் கழற்றி ஏர் அடிக்கச் சொல்லி டிரைவர்களையும் கிளீனர்களையும் விரட்டாதீர்கள். பஞ்சர் கடை வாசலில் பில்டரும் கையுமாக நிற்கிறார்கள் பாவம். டயரில் நாலு தட்டு, கம்ப்ரஸர் ஹோஸை வைத்து ஒரு ஊது, தூசி பறந்தது, மறுபடி மாட்டியாச்சு. இதைப் பராமரிப்பு என்று நம்புகிறீர்கள். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்து என்னிடம் வரும் வண்டிகளில் பலவற்றைக் கெடுத்தது இந்தச் சுத்தம்தான்.

பில்டர் காகிதம் புதிதாக இருக்கும்போது மிக நுண்ணிய தூசி கொஞ்சம் அதன் வழியே நழுவிப்போகும். ஓட ஓட, மேலே படிகிற தூசியே இன்னொரு சல்லடையாகிவிடும். தோசைக்கல் பழகப் பழக நன்றாக வருவதுபோல, பாதி ஆயுள் ஓடிய பில்டர் புதுசைவிட நன்றாக வடிகட்டும். நீங்கள் ஊதித் தள்ளுவது அந்தப் படலத்தைத்தான். டயருக்குக் காற்று பிடிக்கும் கம்ப்ரஸரில் அழுத்தம் 100 பிஎஸ்ஐக்கு (டயர் காற்றை அளக்கிற அதே கணக்கு) மேல் இருக்கும். ஊதியே தீர வேண்டும் என்றாலும் 30 பிஎஸ்ஐக்குள், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். தயாரிப்பாளர்களில் பலர் அதுவும் வேண்டாம் என்கிறார்கள். மடிப்பில் ஊசி முனையளவு கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பல்பு விட்டுப் பார்த்தால் பெரிய ஓட்டை தெரியலாம், சின்னது தப்பிவிடும். டயரில் தட்டும்போது விளிம்பு நசுங்கி, ரப்பர் சரியாக உட்காராமல் போவது தனிக் கதை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஹவுசிங், அதாவது பில்டர் உட்காரும் கூடு, அதன் ஓரத்துத் தூசி சுத்தமான பக்கம் விழுகிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இத்துனூண்டு தூசிக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 1 லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். அது சுமார் 10,000 லிட்டர். டீசல் இன்ஜின் தேவைக்கு மேலேயே காற்றை இழுக்கிற ஜாதி, அதனால் உண்மையில் போவது இன்னும் அதிகம். நாளுக்கு 60 லிட்டர் குடிக்கிற வண்டி 6 லட்சம் லிட்டருக்கு மேல் நம் ஊர்க் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றில் எம்-சாண்ட் பொடி, கிரஷர் தூசி, மெட்ரோ வேலையின் மண், அனல்மின் நிலையச் சாம்பல், எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூள் எல்லாம் உண்டு. கல்லை உடைத்த பொடியில் இருக்கும் சிலிக்கா, பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான லைனரின் இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் கனம்தான். அந்த அளவே உள்ள துகள் இடையில் சிக்கினால் இரண்டையும் சேர்த்து அரைக்கும். அப்புறம் பேக் கம்ப்ரஷன் (எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவது), அது வெளியேறும் பிரீதர் குழாயில் புகை, ஆயில் குறைவது என்று ஒவ்வொன்றாக வரும். பழைய ஆயிலை லேபுக்கு அனுப்பினால் சிலிக்கான் அளவு ஏறியிருப்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். அதற்குள் இன்ஜின் வேலைக்கு லட்சக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டியிருக்கும்.

சரி, பின்னே எப்போதுதான் மாற்றுவது? கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்தால் நம் ஊருக்குச் சரிவராது. துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் எண்ணூர் விரைவு சாலையில் வரிசையில் நிற்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், மீட்டர் ஓடாது. முன்னால் நிற்கிற வண்டியின் புகைக்கரியும் நிலக்கரித் தூளும் காகிதத்தைச் சீக்கிரம் அடைக்கும். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து எம்-சாண்ட் ஏற்றி வரும் டிப்பர் பார்க்கிற தூசி அதிகம் என்றாலும் அது பெருவெட்டானது, அதில் நிறைய ஹவுசிங்கின் சுழற்சியிலேயே ஒதுங்கி அடியில் விழுந்துவிடும். ஒரே மாடல், ஒரே வருஷத்து இரண்டு வண்டிகளுக்கு ஒரே தேதியில் பில்டர் மாற்றுவதில் அர்த்தம் இல்லை.

இதற்காகவே ஹவுசிங்கிலோ, அதிலிருந்து டர்போவுக்கு (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சாமான்) போகும் பைப்பிலோ சின்னதாக ஒரு இண்டிகேட்டர் வைத்திருக்கிறார்கள். பில்டர் அடைத்து, இழுக்கும் காற்றுக்குத் தடை கூடும்போது அதில் சிவப்பு வந்து அப்படியே நிற்கும். கனரக டர்போ வண்டிகளில் அந்த எல்லை பெரும்பாலும் 25 அங்குல நீர் அளவை (உறிஞ்சும் விசை குழாயில் தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்ற கணக்கு) ஒட்டி இருக்கும். சிவப்பு வரும் வரைக்கும் பில்டரைத் தொட வேண்டாம். வந்ததும் மாற்றிவிட்டு, பட்டனை அமுக்கி ரீசெட் செய்துவிடுங்கள். ஒரு பில்டரின் விலைகூட வராத சாமான் அது. இருந்தும் நான் பார்க்கிற பழைய வண்டிகளில் பாதிக்கு அந்த இடத்தில் ஒரு போல்ட்டைத்தான் முறுக்கி வைத்திருக்கிறார்கள்! புது வண்டிகள் பலவற்றில் சென்சார் வைத்து டாஷ்போர்டில் விளக்கே எரிய விட்டிருக்கிறார்கள். அந்த விளக்கையும் டேப் ஒட்டி மறைத்தவர்கள் உண்டு.

அடைத்த பில்டரோடு ஓட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் காற்று குறைந்தாலும் டீசல் அதே அளவு போகும். எரியாதது கரும்புகையாக வரும், சைலன்ஸர் பக்கம் சூடு ஏறும், டர்போ திணறும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடுவதால் புகை தெரியாது, மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை என்று டிரைவர் சொல்வார். கரி கூடினால் சைலன்ஸரில் உள்ள டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி அடிக்கடி தன்னையே எரித்துச் சுத்தம் செய்ய வேண்டிவரும், அதற்கும் டீசல் செலவாகும். டிரைவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள் முதலாளி. மைலேஜ் விழுந்தால் முதலில் டிரைவர் டீசல் இறக்கிவிட்டான் என்று பேச்சு வருகிறது. டயர் காற்று, பிரேக் பிடித்தபடி ஓடுவது, இன்டர்கூலர் ஹோஸ் கசிவு, இன்ஜெக்டர் எல்லாம் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம்.

நல்ல பில்டரை வாங்கி மாட்டினாலே வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது. சென்ற வருஷம் ஒரு டிப்பர் வந்தது. பில்டர் கம்பெனி சரக்கு, பில்லும் இருந்தது. ஆயில் மட்டும் கண்டபடி குடித்தது. பில்டர் போலி என்று உரிமையாளர் ஸ்பேர்ஸ் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். ஹவுசிங்கிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளாம்புக்கு அடியில் ஒரு விரிசல். இன்ஜினுக்கு வேண்டிய காற்றில் கொஞ்சம் பில்டரைப் பார்க்காமலே நேராக உள்ளே போயிருக்கிறது. டர்போ வாய்ப் பைப்பைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி மண் நிறமாக வந்தால் எங்கோ ஓட்டை. ஹவுசிங்குக்கு அடியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு தொங்கும். ஒதுங்கிய தூசியையும் தண்ணீரையும் வெளியே தள்ளுவது அதுதான். அது கிழிந்ததும் வேஸ்ட் துணியைத் திணித்து அடைத்துவிடுகிறார்கள். தூசி போக வழியில்லாமல் பில்டர் பாதி நாளில் அடைக்கும்.

பெரிய பில்டருக்கு உள்ளே இன்னொரு பில்டராக இருக்கும் சின்ன எலிமென்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "டபுள் பில்டர் எதுக்கு, மூச்சு முட்டுது" என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். வெளி பில்டர் கிழிந்தாலோ, மாற்றும்போது மண் விழுந்தாலோ இன்ஜினைக் காப்பது அது ஒன்றுதான். அதை ஊதவே கூடாது. வெளி பில்டரை மூன்று முறை மாற்றும்போது உள் பில்டரை ஒருமுறை மாற்றினால் போதும்.

வாங்கும்போது, ஸ்பேர்ஸ் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டியை அச்சடிப்பது சுலபம். மடிப்புகள் சம இடைவெளியில் நேராக நிற்கிறதா, பசை எல்லா இடமும் பிடித்திருக்கிறதா, ஓர ரப்பர் மெத்தென்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய பில்டரைக் கையோடு கொண்டுபோய் உயரத்தையும் வாய் அகலத்தையும் ஒப்பிடுங்கள். துவைத்துத் துவைத்துப் போடுகிற எண்ணெய்த் துணி பில்டர் ரேஸ் காருக்குச் சரி, டிப்பருக்கு வேண்டாம். காற்று தாராளமாகப் போகும் என்கிறார்கள், அதோடு தூசியும் தாராளமாகப் போகும். காகிதத்துக்குப் பதில் ஆயிலில் தூசியைப் பிடிக்கிற ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள பழைய வண்டி யாரிடமாவது இன்னும் இருந்தால், அதில் ஆயில் அளவும் கீழே சேறும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்தில் வண்டிகள் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி நின்ற வண்டியை செல்ப் அடிக்கும் முன் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நனைந்த காகித பில்டரையும் வெயிலில் காய வைத்துத் திரும்ப மாட்டாதீர்கள்.

சங்கங்களிடம் கேட்பது இதுதான். பில்டரை மொத்தமாக நேரடி டீலரிடம் வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுங்கள், விலையும் குறையும், போலிப் பயமும் இருக்காது. டிரிப் ஷீட்டில் இண்டிகேட்டர் சிவப்பா பச்சையா என்று எழுத ஒரு கட்டம் போடுங்கள். பில்டர் செலவை டிரைவர் பேட்டாவில் பிடிக்கிற வழக்கம் எங்கே இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். பிடித்தால் சிவப்பு வந்ததை அவர் ஏன் உங்களிடம் சொல்லப்போகிறார்? இண்டிகேட்டர் இல்லாத வண்டிகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தால் கூலி இல்லாமல் மாட்டித் தருகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் தோதுப்படும், எப்படியும் எல்லா வண்டியும் கழுவ வரும். கழுவும்போது பிரஷர் வாட்டரை இன்டேக் வாய்ப் பக்கம் மட்டும் காட்டாதீர்கள்.

இப்படிக்கு,
மாதவரத்திலிருந்து ஒரு டீசல் மெக்கானிக்