எங்கள் கணக்கை எங்களிடம் கொடுங்கள்

ஓசூரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுசேர்க்கும் வேலையை எங்களுக்குத் தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வருமான வரிக் கணக்குக்காக ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன்.

2024–25ஆம் ஆண்டில் எனக்கு 2,74,600 ரூபாய் கொடுத்ததாகவும், அதில் ஒரு சதவீதமான 2,746 ரூபாயை வரியாகப் பிடித்ததாகவும் அரசுக்குத் தெரிவித்திருக்கிறீர்கள். வங்கிப் புத்தகத்தில் ஏறியதோ 1,91,300 ரூபாய்தான். மீதி என்ன ஆயிற்று என்று ஆடிட்டர் கேட்டார். வாடிக்கையாளர் கையில் தந்த ரொக்கத்தை வாரக் கூலியில் கழித்துக்கொள்கிறீர்கள். அது ஒரு பங்கு. தோள்பைக்கும் சட்டைக்கும் பிடித்தது, தாமதத்துக்கு அபராதம் என்று பிடித்தது வேறு. எதற்கு எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் செயலியில் பழைய வாரங்களின் கணக்கே இல்லை.

என் மனைவி தினசரிக் காலண்டர் தாள்களின் பின்புறம் அன்றன்றைய ரொக்கத்தை எழுதிவைப்பார். அந்தக் கட்டை நூலால் கட்டி எடுத்துப்போனேன். மழைக்காலத் தாள்களில் ஈரம் ஏறி மை பரவிக் கிடந்தது. ஆடிட்டர் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கணினியில் கணக்கு வைத்திருக்கும் நீங்கள் இருக்க, நான் ஏன் அந்த நாற்காலியில் கூனிக்குறுகி உட்கார வேண்டும்?

தயவுசெய்து எங்கள் கணக்கைக் கொடுங்கள். மாதந்தோறும், தமிழில், கூலி, ஊக்கத்தொகை, ரொக்கக் கழிவு, அபராதம், பிடித்த வரி என்று தனித்தனியாக.

எனக்கு வரி கிடையாது. என் வருமானம் வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனாலும் பிடித்த 2,746 ரூபாய் திரும்ப வர வேண்டுமானால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பிடித்த வரி போக ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டுகிறவர்களோ, ஆண்டு முடியும் முன்பே வருமானத்தை மதிப்பிட்டு முன்வரி கட்ட வேண்டும். வாராவாரம் மறைந்துபோகும் கணக்கை வைத்து அவர்கள் எதை மதிப்பிடுவார்கள்?

எங்களைப் பங்குதாரர் என்கிறீர்கள். தளி சாலையில் விழுந்து கை ஒடிந்தவரைப் பார்க்க உங்களில் ஒருவரும் வரவில்லை. பெட்ரோல் எங்கள் செலவு, வண்டியும் எங்களுடையது. அதையெல்லாம் இன்று கேட்கவில்லை. பங்குதாரருக்குக் காட்ட வேண்டிய கணக்கை மட்டும் கேட்கிறேன்.

2024–25இல் வரி பிடித்ததற்கான படிவம் 16ஏ-யை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தந்திருக்க வேண்டியது உங்கள் சட்டக் கடமை. எனக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆடிட்டர் வரும் திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்தப் படிவங்களையும் ஓராண்டுக் கணக்கையும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாகலூர் சாலைப் பகுதியில் வண்டி ஓட்டும் ஒரு தொழிலாளி