அக்டோபர் 24: பட்டியலில் திருப்பத்தூர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'வரலாற்றில் இன்று' என்று வரும் பகுதிகளில் அக்டோபர் 24-க்கு ஐ.நா. சாசனம் நடைமுறைக்கு வந்த 1945-ம், நியூயார்க் பங்குச்சந்தை சரிந்த கருப்பு வியாழனான 1929-ம் தவறுவதில்லை. 1801-இல் அதே நாளில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது பல நேரம் விட்டுப்போகிறது. எங்கள் பக்கத்து வாசகருக்கு அதுதான் முதல் வரி. 'சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்' என்றே அச்சிடுங்கள். 2019-இல் தனி மாவட்டமான திருப்பத்தூர் வேறு ஊர். காளையார்கோவிலில் 27-ஆம் தேதி நடப்பது குருபூஜை. அதைப் பார்த்து நாளை மாற்றிவிட வேண்டாம்.

கருப்பு வியாழனும் செட்டிநாட்டுக்கு அந்நியமில்லை. அதையொட்டி வந்த மந்தத்தில் நெல் விலை விழுந்து, பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அங்கே கடன் கொடுத்திருந்த நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கையில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த நிலம் 1938-இல் 25 சதவீதமானது. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது ரொக்கம். வந்து சேர்ந்ததோ வயல்.

இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடு), பேரேடு பார்த்து வாசகர்கள் அனுப்பும் நாள்களில்தான் பிழை அதிகம். அவற்றிலுள்ள பழைய குறிகளில் ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். அவசரத்தில் இவை இடம் மாறுகின்றன. ஏழைக் குறிக்கும் ௭-ஐ 'எ' என்றும், பத்தைக் குறிக்கும் ௰-ஐ 'ய' என்றும் படித்துவிடுகிறார்கள். வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்: 1801 துன்மதி, 1861-ம் துன்மதி, 1921-ம் துன்மதி. எந்தச் சுற்று என்பதை ஏட்டிலுள்ள ஆட்களின் பெயரை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும்.

அதன்பின் இன்றைய நாள்காட்டியைப் புரட்டினால் கணக்கு கெடும். நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் நீளம். 1801-இல் ஏப்ரல் 11 வாக்கில் பிறந்த சித்திரை இப்போது 14-இல் பிறக்கிறது. அந்தக் கால ஐப்பசித் தேதியை இன்றைய நாள்காட்டியில் பார்த்தால் ஏறக்குறைய மூன்று நாள் தள்ளி விழும். அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு, கடைசியில் கிழமையைப் பாருங்கள். ஏட்டில் எழுதிய கிழமையும் கணக்கில் வந்த கிழமையும் ஒத்துவராவிட்டால் அந்த நாளை அச்சேற்றக் கூடாது.

பழைய நாள் எதுவானாலும் பக்கத்தில் கிழமையையும் போடுங்கள்: 24.10.1801, சனி.

இப்படிக்கு,
பழைய ஏடு படிக்கும் வாசகர்கள்,
காரைக்குடி.