பணம் பக்கத்தில்தான் இருக்கிறது, படிவம்தான் தூரத்தில்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிதியில்லாமல் தள்ளாடும் சிறு அமைப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'நிறுவனங்கள் மனமுவந்து உதவ வேண்டும்' என்று முடித்திருந்தீர்கள். மனம் உவக்கிறதோ இல்லையோ, செலவு செய்துதான் ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தப் பணம் ஏன் சின்ன சங்கங்களுக்கு வந்து சேருவதில்லை என்பதைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும். மாலைநேரப் படிப்பகம் ஒன்றின் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாவது நிகர லாபம் பார்க்கும் நிறுவனம் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தான் இயங்கும் வட்டாரத்துக்கு நிறுவனம் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. நிதி என்றதும் எங்கோ தலைநகரில் இருக்கும் பெரிய அறக்கட்டளைக்கு மனு போடுகிறோம்; தினமும் கடந்துபோகிற ஆலையின் வாசலில் போய்க் கேட்பதில்லை. எந்த நிறுவனம் எதற்குக் கொடுக்கும் என்று துப்பறியவும் வேண்டாம். இயக்குநர் குழு ஒப்புதல் தந்த பணிகளை நிறுவனம் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும் என்பது விதி. வருஷா வருஷம் குடிநீருக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே கொடுக்கிறவர்களிடம் புத்தக அலமாரி கேட்டு எழுதுவது தபால் செலவுக்குத்தான் கேடு.

கேட்கும் நேரமும் முக்கியம். அந்த ஆண்டில் என்னென்ன செய்வது என்று இயக்குநர் குழு முன்கூட்டியே திட்டம் போட்டுவிடும். மாசியில் போய் நின்றால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்' என்ற பதில்தான் வரும்.

சரி, ஆலையும் தெரிந்துவிட்டது, நேரமும் சரி. அப்புறம்தான் சிக்கலே. 2021 ஏப்ரல் முதல், இந்த நிதியை வாங்கிச் செலவிடும் அமைப்பு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வருமானவரிப் பதிவுகள் வேண்டும். 3 ஆண்டுகள் அதே மாதிரிப் பணி செய்த அனுபவமும் கேட்பார்கள். 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்துவிட்டு, உறுப்பினர் சந்தாவில் காலம் தள்ளும் சங்கங்கள் 'வரி கட்டும் அளவுக்கு நமக்கு என்ன வருமானம், இதெல்லாம் எதற்கு' என்று இருந்துவிடுகின்றன. யாரிடமும் நிதி கேட்கும் எண்ணம் இப்போது இல்லையென்றாலும் ஆடிட்டரைப் பார்த்து இந்த வேலையை முடித்து வைப்பது நல்லது. அதுவரை, பதிவுள்ள வேறொரு அமைப்போடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். பொதுப் பயன்பாட்டுக்கான கட்டடம், சுற்றுச்சுவர் போன்ற வேலை என்றால் சி.எஸ்.ஆர். பக்கமே போகாமல் 'நமக்கு நாமே' திட்டத்தைப் பார்க்கலாம். வேலையின் மதிப்பீட்டுத் தொகையில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் திரட்ட வேண்டும்; மீதியை அரசு தரும்.

நிறுவனங்கள் பக்கமும் குறை இருக்கிறது. எங்கள் படிப்பகத்துக்கு நாலு அலமாரியும் சில பெஞ்சுகளும் கேட்டு ஒரு நிறுவனத்தை அணுகினோம். வந்து சேர்ந்த எக்செல் படிவத்தில் 'தாக்க மதிப்பீட்டை எந்த முகமை செய்யும்?' என்று ஒரு கட்டம். பெஞ்சில் பிள்ளைகள் உட்காருவார்கள், வேறென்ன தாக்கம்? சட்டம் தாக்க மதிப்பீடு கேட்பது, சி.எஸ்.ஆர். கடமையே சராசரியாக 10 கோடி ரூபாயைத் தொடும் நிறுவனங்களிடம்; அதுவும் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு. அதே படிவத்தில் வாடகை, மின்கட்டணம், ஆசிரியர் மதிப்பூதியம் மூன்றும் 'ஏற்கப்படாத செலவுகள்'. கேட்டால் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருக்கிறதாம். அந்த வரம்பு நிறுவனம் தன்னுடைய சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கு. பாடம் நடத்துகிறவருக்குக் கொடுப்பது நிர்வாகச் செலவா? பெஞ்சு கிடைத்து, விளக்கு எரிய வழியில்லை என்றால் யாருக்கு லாபம்?

சிறிய தொகைகளுக்கு இரண்டே பக்கத்தில் தமிழில் ஒரு படிவம் போதும்: என்ன வேலை, எத்தனை பேருக்கு, கொட்டேஷன், வங்கிக் கணக்கு, கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கை. பணம் போன வழியை பில்லும் வவுச்சரும் காட்டிவிடும்.

உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். நிறுவன வாரியாகவும் மாநில வாரியாகவும் சி.எஸ்.ஆர். செலவு விவரங்கள் மத்திய அரசின் இணையதளத்தில் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் ஆலை வைத்திருக்கும் நிறுவனங்கள் இங்கே எவ்வளவு செலவிட்டன, எதற்குச் செலவிட்டன என்று ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் வெளியிட்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

– படிப்பகப் பொருளாளர் ஒருவர்