சங்கத்தின் வரலாற்றை எழுதப்போகும் மகளுக்கு

மட்டக்களப்பு

அன்பு மகள்,

நம்மட மாதர் சங்கத்தின் வரலாற்றை மலருக்கு எழுத நீ ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய சந்தோசம். பாதி வேலையைக் கொழும்பில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் எழுதத் தொடங்க முதல் ஒன்றை மனதில் வை. தலைவிமாரின் பெயர்களை வரிசையாகப் போட்டு, எந்த அமைச்சர் எந்தக் கட்டடத்தைத் திறந்தார் என்று எழுதினால் அது திறப்புவிழாக்களின் வரலாறாகத்தான் முடியும். பெண்கள் எதைக் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், பதில் வர எவ்வளவு காலம் போனது, கடைசியில் என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு கோரிக்கையையும் முதல் மனுவிலிருந்து கடைசிக் கடிதம் வரை பின்தொடர்ந்து போ.

அதற்கு அறிக்கைப் புத்தகம் மட்டும் காணாது. காசேடு, கூட்டத்துக்கு வந்தவர்களின் வரவுப் பதிவு, கடிதக் கோவை மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. அறிக்கைப் புத்தகத்தில் திகதி, இடம், சமூகமளித்தோர், சென்ற கூட்ட அறிக்கை, பிறகு தீர்மானம், பிரேரித்தவர், ஆமோதித்தவர் என்று ஒழுங்காக இருக்கும். "கச்சேரிக்கு மனுக் கொடுப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்று, அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்கு மனுப் போடுவதென்று, கண்டால் அதோடு நிற்காதே. அதற்குப் பின்வரும் இரண்டு மூன்று மாதக் காசேட்டைப் பார். பஸ் காசு, முத்திரைச் செலவு, தட்டெழுத்துக் கூலி எழுதப்பட்டிருந்தால் மனு போயிருக்கிறது. ஒரு சதமும் செலவாகவில்லை என்றால், அந்தத் தீர்மானம் அநேகமாகப் புத்தகத்தோடு நின்றிருக்கும். யாராவது கைக்காசில் போயிருக்கவும் கூடும். அதைக் கடிதக் கோவையில் உள்ள பதில் காட்டிக்கொடுக்கும். ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடு: திகதி, கோரிக்கை, போனவர்களும் செலவும், வந்த பதில். நாலாவது நிரல் வெறுமையாகக் கிடக்கும் இடங்களையும் மலரில் எழுத வேண்டும்.

பழைய புத்தகங்களில் செயலாளரைக் காரியதரிசி என்றும் பொருளாளரைத் தனாதிகாரி என்றும் எழுதியிருப்பார்கள். கந்தோர்களின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய திருக்கோவில், காரைதீவுக் கடிதங்களை மட்டக்களப்புக் கச்சேரிக் கோவைகளில்தான் தேட வேண்டும். 1992இல் பிரதேச செயலகங்கள் வர முதல் எல்லாம் ஏ.ஜி.ஏ (உதவி அரசாங்க அதிபர்) கந்தோர். இது தெரியாமல் எழுதினால் ஒரே கந்தோருக்குப் போன மனுக்களை வெவ்வேறு இடத்துக்குப் போனவையாகக் காட்டிவிடுவாய்.

பெயர்களில்தான் ஆகப் பெரிய பிழை வரும். கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, பிறகு கணவனின் முதலெழுத்து. ஒரே பெண் இரண்டு பேராகி, உறுப்பினர் தொகையும் கூடிவிடும். சந்தாப் பற்றுச்சீட்டின் அடிக்கட்டையில் உறுப்பினர் இலக்கம் இருக்கும். பெயர் மாறினாலும் இலக்கம் மாறாது. அதை வைத்துச் சேர். கைநாட்டு வைத்தவர்களையும் விடாதே. வரவுப் பதிவில் இருந்துகொண்டு தீர்மானத்தில் ஒருக்காலும் பெயர் வராத பெண்கள்தான் சங்கத்தின் பெரும்பகுதி.

புத்தகங்களில் இடைவெளி இருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரைகள் போய் ஊர் ஊராகக் கடதாசி நனைந்து அழிந்தது. 1990 யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடியவர்கள் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடற்கரையில் கிடந்ததெல்லாம் கடலோடு போனது. புத்தகம் இல்லாத காலத்தைச் "சங்கம் இயங்காத காலம்" என்று எழுதுவது அநியாயம். வங்கிப் புத்தகத்தைப் பார்; பணம் போட்டும் எடுத்தும் இருந்தால் சங்கம் உயிரோடு இருந்திருக்கிறது. யுத்த காலத்து அறிக்கைகளில் பெயர் இல்லாமல் "ஒருவர் கூறினார்" என்று மட்டும் இருக்கும். வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள். யாரென்று விசாரித்து இப்போது நீ நிரப்பப் போகாதே.

நாட்டு வரலாற்றையும் ஒரு பக்கத்துக்குள் சொல்லு. 1927இல் இலங்கையின் அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. ஆணைக்குழு முதலில் பெண்களுக்கு முப்பது வயதில் வாக்கு என்று சிபாரிசு செய்தது. பிறகு ஆண்களைப் போல் இருபத்தொன்றாகி, 1931இல் முதல் தேர்தல் நடந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அந்தச் சங்கத்தின் அக்னஸ் டி சில்வா சொன்னார். அந்தப் பதில் எழுத்தில் நின்றதால் இன்றும் தெரிகிறது. நம்மட அறிக்கைப் புத்தகங்களிலோ இப்படியான இடத்தில் "விளக்கமளிக்கப்பட்டது" என்ற ஒரு சொல்தான் கிடக்கிறது. என்ன விளக்கம் என்று மூத்த உறுப்பினர்களிடம் கேள். 1930இல் கிராமப் பெண்களுக்கான லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிய டொக்டர் மேரி இரட்ணம், 1932இல் அந்தக் காலச் சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவான நேசம் சரவணமுத்து இருவரையும் விட்டுவிடாதே. தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போனால் வீரகேசரியை 1930இலிருந்தும் தினகரனை 1932இலிருந்தும் கேட்டுப் பார்க்கலாம்.

அன்னை பூபதி பற்றி எழுதாமல் மட்டக்களப்புப் பெண்களின் வரலாறு இல்லை. 1988 மார்ச் 19 தொடங்கி ஏப்ரல் 19இல் உயிர் பிரியும்வரை மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில், இந்தியப் படையும் புலிகளும் போரை நிறுத்த வேண்டும் என்று கேட்டு அவர் உண்ணாவிரதம் இருந்தார். ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு முன்னும் பின்னும் அன்னையர் முன்னணிப் பெண்கள் கொடுத்த மனுக்களையும் வாசல் வாசலாகப் போய் நின்றதையும் எழுதியவர்கள் குறைவு. நீ அதைத் தேடு. 1990க்கு முன் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு ஏதும் கிடைத்தால், அதை முழுதாகப் படம்பிடித்து மலரில் போட வேண்டும் என்பது என்ர விருப்பம்.

கூடுதலான பக்கம் காணிக்குத்தான் ஒதுக்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போவது வழக்கம். காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களிலும் அப்படித்தான். ஆனால் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கும் பெர்மிட் காணிக்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பெர்மிட்காரர் தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளியின் பெயர் கொடுக்காமல் இறந்தால், சட்டத்தின் அட்டவணையில் மகளுக்கு முன் மகன் வருவான். ஆணுக்கு முதலிடம் என்ற அந்த ஒழுங்கு 2022இல் திருத்தப்படும்வரை இருந்தது. தாயின் காணியில் வாழ்ந்து பழகிய பெண்கள் குடியேற்றத் திட்டத்துக்குப் போனபோது உரிமையை இழந்த வழி இதுதான்.

சுனாமிக்குப் பிறகு அது இன்னும் மோசமாக நடந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். பெண்ணின் பெயரில் காணி உறுதி இருந்த வளவை விட்டு உள்ளே அரசாங்கக் காணிக்குப் போனார்கள். படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் கணவனின் பெயர் விழுந்தது; புது வீடு அவருடையதானது. பெண்கள் அமைப்புகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டு உரிமை கேட்டபோது, அரச காணிச் சட்டங்களில் அதற்கு இடமில்லை என்ற பதில் வந்தது. ஆகவே "இத்தனை குடும்பங்களுக்கு வீடு வழங்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதே. பழைய உறுதி யாருடைய பெயரில், புதுப் பத்திரம் யாருடைய பெயரில் என்று இரண்டையும் ஒப்பிடு. தொகையை மட்டும் போடு, ஆட்களின் பெயர் வேண்டாம்.

வன்முறை முறைப்பாட்டுப் பதிவேட்டை உனக்கு அனுப்ப மாட்டார்கள், அது சரியானதுதான். சங்கத்தில் இருந்தே எண்ணிக்கையும் முடிவும் மட்டும் எடுத்துக்கொள். 2005க்கு முந்திய பதிவுகளில் "சமாதானம் பேசி அனுப்பப்பட்டது" என்று நிறைய வரும். 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகுதான் நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலக் கட்டளை 14 நாளுக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரையும் எடுக்க வழி வந்தது. அந்த மாற்றத்தை எழுது. பெயரை மாற்றிவிட்டுக் கதையை எழுதலாம் என்று நினைக்காதே. ஊர், வருசம், பிள்ளைகளின் தொகை மூன்றும் இருந்தால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை முழுக்க ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

மூத்தவர்களிடம் பேசும்போது வருசத்தைக் கேட்டால் தடுமாறுவார்கள். சூறாவளிக்கு முன்னா பின்னா, மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போக முதலா என்று கேள். மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு, போனை வாய்க்குக் கிட்ட வைத்துப் பதி. ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும், அதற்கு நேரம் ஒதுக்கு. எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்காமல் அச்சுக்குக் கொடுக்காதே.

புத்தகங்களைக் கொழும்புக்குக் கேட்காதே. பஸ்ஸில் போய் வந்தால் கட்டு விடும். இஞ்சையே ஒரு பிள்ளையை வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பிக்கிறேன். துருப்பிடித்த குண்டூசியை எடுத்து, பென்சிலால் மூலையில் பக்க இலக்கம் போட்டு, வெயில் நேரே விழாத யன்னலடியில் எடுக்கச் சொல்கிறேன். லமினேற் பண்ணவோ செலோரேப் ஒட்டவோ விடமாட்டேன். பசை காய்ந்தால் எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். படங்களில் ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒன்று உனக்கு, மற்றது பழைய ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்துக்கு. அதற்குத் தலைவியும் செயலாளரும் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். வருகிற மாதக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எடுக்க, என்னென்ன புத்தகம் உனக்கு வேண்டும் என்ற பட்டியலை கூட்டத்துக்கு ஒரு கிழமை முதல் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா